உப்பூரில் வெந்நீர்

இராமநாதபுரம் மாவட்டத்தில் வெந்நீருக்கு என்ன வேலை என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கே வெயிலுகந்த விநாயகர் என்றுதான் பெயர். சேதுவுக்குப் போகும் வழியில் இராமன் வணங்கிச் சென்றதாகத் தல வரலாறு சொல்லும் அந்தத் தெய்வம், வேறெந்தக் குணத்தாலும் அறியப்படாமல் வெயிலை விரும்பியவராகவே அறியப்படுகிறார். அவருக்கு அதைத் தவிர வேறு வழியும் இருந்திருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே பேருந்தில் போகிறவர்கள் சன்னல் வழியாகப் பார்த்திருக்கக்கூடும்: ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் கருவேலங்காடு, நடுவில் மறைப்பே இல்லாத வானம். சித்திரையிலும் வைகாசியிலும் மாடித் தொட்டித் தண்ணீரில் நண்பகலுக்குப் பிறகு கால் நனைக்க முடியாது.

ஆனாலும் வெந்நீர் வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. இரண்டு முழங்கால்களும் தை, மாசி விடியற்காலைகளில் மடங்க மறுக்கும். கடற்கரைக் காற்றில் ஒருவித ஈரக்குளிர் உண்டு. வெப்பமானியில் அது பெரிதாகத் தெரியாது, எலும்புக்குத் தெரியும். இதமான நீரில் கால் மணி நேரம் காலை நனைத்த பிறகுதான் அவருக்கு அன்றைய நாள் தொடங்கும்.

எங்கள் வீட்டு வெந்நீருக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. முதலில் கொல்லைப்புறத்தில் மூன்று கல்லும் ஒரு தவலையும் இருந்தன. எரிபொருள் கருவேல விறகு. பிறகு ஒரு செப்புப் பாய்லர் வந்தது. நடுவில் நெருப்புக் குழாய், அடியில் கரி விழும் தட்டு, பக்கவாட்டில் பித்தளைத் திருகு. நாற்பது வயதைக் கடந்த வாசகர்கள் பலர் அதைத் தம் தாத்தா வீட்டில் பார்த்திருப்பார்கள். வெந்நீரை எடுத்த அளவுக்கு மேலே பச்சைத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பது அதன் ஒரே சட்டம். அதன் பிறகு மின்சாரக் கீசர். எங்கள் ஊர்த் தண்ணீர் அதன் சூடேற்றும் கம்பியை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைப்பதில்லை. மூன்றாவது கம்பியும் போனதும் அதைக் கழற்றிப் பரணில் போட்டோம். ஐந்தாண்டுகளுக்கு முன்பு எரிவாயுக் கீசர் வாங்கினோம். குளியலறைக்கு வெளியே, கொல்லைப்புறச் சுவரில், ஒரு தகரக் கூரையின் கீழ் அதை மாட்டினோம். வெளியே மாட்டியதற்குக் காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

சென்ற தை மாதத்தில் அந்தக் கருவி கோபம் கொள்ளத் தொடங்கியது. குழாயைத் திறந்தால் முதல் அரை நிமிடம் இதமாக வரும், பிறகு சட்டென்று கொதிநீர் பாயும். அதற்கடுத்த நிமிடத்தில் உள்ளே 'டக்' என்று ஓர் ஒலி கேட்டு நெருப்பு அணைந்து பச்சைத் தண்ணீர் வரும். சற்றுப் பொறுத்தால் மறுபடி முதலிலிருந்து. நெருப்பு எரிகையில் கருவிக்குள்ளிருந்து உலை கொதிப்பது போன்ற ஓர் உறுமல் எழுந்தது. ஒரு நாள் காலை அப்பத்தா வாளியில் விழும் தண்ணீரைக் கையால் பார்க்கப் போய் விரல்கள் சிவந்து கொப்புளம் கண்டன. அவர் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. 'சுடுதண்ணின்னா சுடத்தானே செய்யும்' என்று சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். எங்களால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. அறுபது பாகை வெந்நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும், எழுபது பாகைக்கு ஒரு நொடியே போதும். முதியவர்களின் தோல் மெலிது, கையை இழுத்துக்கொள்ளும் வேகமும் குறைவு. குளியலறையின் வழுக்குத் தரையில் திடுக்கிட்டுப் பின்வாங்குகிற எழுபத்தெட்டு வயதுக்காரர் புண்ணோடு தப்புவார் என்பதற்கும் உறுதியில்லை.

கருவியை நிறுத்திவிட்டு ஆள் தேடினோம். வந்தவர் இளைஞர், நல்ல பிள்ளை, கை சுறுசுறுப்பானது. மூடியைக் கழற்றிப் பத்து நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

'சென்சார் போயிருச்சு சார். அதான் சும்மா சும்மா கட் ஆகுது. ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி விட்டுர்றேன், நிக்காம எரியும்.'

'அது எதற்காக வைத்திருக்கிறார்கள்?'

'கம்பெனிக்காரன் சும்மா வச்சிருப்பான் சார். நம்ம ஊருக்கு அதெல்லாம் தேவையில்ல. நெறைய வீட்ல இப்பிடித்தான் போட்டுக் குடுத்திருக்கேன்.'

கூடவே இன்னொரு யோசனையும் சொன்னார். வெளியே காற்று அலைக்கழிப்பதால் சுவாலை தடுமாறுகிறது, கருவியைக் குளியலறைக்கு உள்ளே மாட்டிவிட்டால் அடக்கமாக எரியும் என்றார். இரண்டு யோசனைகளையும் நன்றியோடு மறுத்து, வந்த கூலியைக் கொடுத்து அனுப்பினோம். அவருக்கு வருத்தம்தான். தமிழ் நடத்துகிற வாத்தியாருக்கு மிஷினைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தவறில்லை.

அவர் முறுக்கிவிடப் பார்த்த அந்தச் சிறு பொருள், செப்புச் சுருளின் மேல் ஒட்டினாற்போல் திருகியிருக்கும் ஒரு பொத்தான். உள்ளே இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து ஒட்டிய தகடு இருக்கிறது. சூடேறினால் இரண்டும் ஒரே அளவில் நீளாததால் தகடு வளைகிறது, வளைந்ததும் மின்சுற்று முறிகிறது, எரிவாயு வால்வு மூடிக்கொள்கிறது. நாங்கள் கேட்ட 'டக்' என்பது அதன் குரல். அதற்கு நோயில்லை. 'இங்கே கொதிக்கிறது' என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. செய்தி பிடிக்கவில்லை என்பதற்காகச் செய்தி கொண்டுவந்த தூதனைக் கொல்லும் அரசர்களை நாம் காப்பியங்களில் பார்த்திருக்கிறோம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரெஞ்சுக்காரரான தெனி பாப்பேன், இன்றைய குக்கரின் முன்னோடியான ஒரு மூடிய பாத்திரத்தைச் செய்தபோது, மிகுந்த ஆவி தானே வெளியேற எடையிட்ட ஒரு வால்வையும் சேர்த்தே செய்தார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் நீராவிப் படகுகளை வேகமாக ஓட்ட நினைத்தவர்கள் அந்த வால்வின் மேல் இன்னும் எடையை ஏற்றினார்கள், சிலர் கட்டியே வைத்தார்கள். உருகிப்போன பியூஸில் தடித்த கம்பியைச் சுற்றும் நம்மூர்ப் பழக்கமும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான்.

தூதனை விட்டுவிட்டுச் செய்தியை விசாரிப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு வாரம் கருவி ஓய்வில் இருந்தது. அப்பத்தா அதற்குள் தம் வழியைத் தாமே கண்டுகொண்டார். காலை ஒன்பது மணிக்கு முற்றத்தில் செப்பு அண்டாவில் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்து, பிற்பகல் மூன்று மணிக்குக் கை பொறுக்கும் சூட்டில் குளித்தார். விடியற்காலைக் குளியல் பிற்பகலுக்குப் போனதில் வீட்டின் நேர ஒழுங்கே மாறியது என்றாலும், வெயிலுகந்தவரின் ஊரில் இது பொருத்தமான ஏற்பாடுதான். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை அமைத்தவர்களுக்கும் அப்பத்தாவுக்கும் அடிப்படைக் கொள்கையில் வேறுபாடு இல்லை.

இந்தக் கருவியின் வேலை முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதில் தொட்டி கிடையாது. தண்ணீர் ஓடும்போது அதன் அழுத்தத்தில் ஒரு ரப்பர் சவ்வு அசைகிறது, அது எரிவாயுவுக்கு வழி திறக்கிறது, இரண்டு டார்ச் பாட்டரிகளின் பலத்தில் பொறி பறந்து நெருப்புப் பற்றுகிறது. நெருப்புக்கு மேலே, செதில் செதிலாகச் செப்புத் தகடுகள் பொருத்திய ஒரு குழாய்ச் சுருள். ஓடுகிற தண்ணீர் ஓட்டத்திலேயே சூடாகி வெளியே வருகிறது. ஆகவே நெருப்பின் அளவு மாறாமல் இருந்தால், வெந்நீரின் சூட்டைத் தீர்மானிப்பது தண்ணீர் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதுதான். அடுப்பை ஒரே அளவில் எரியவிட்டு, பாதித் தண்ணீர் வைத்த பாத்திரம் விரைவில் கொதிக்கும் என்பது சமையலறையில் எல்லோரும் அறிந்ததே.

எங்கள் கருவியின் பெட்டியில் நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 பாகை உயர்த்தும் என்று அச்சிட்டிருந்தது. ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை உயர்த்த ஒரு கிலோகலோரி வேண்டும். ஆக நிமிடத்துக்கு 150 கிலோகலோரி. அதே நெருப்பின் மேல் 3 லிட்டர் மட்டும் ஓடினால் ஏற்றம் 50 பாகையாகிவிடும். எங்கள் கல்லூரி வேதியியல் துறை நண்பரிடம் ஆய்வக வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தோம். தொட்டித் தண்ணீர் 25 பாகை. பத்து லிட்டர் வாளி வெந்நீர்க் குழாயில் நிறைய மூன்று நிமிடம் இருபது நொடி ஆயிற்று, அதாவது நிமிடத்துக்கு 3 லிட்டர். கணக்குப்படி 75 பாகை வர வேண்டும். வெப்பமானி 72 காட்டிய நேரத்தில் 'டக்' என்றது. யாப்பிலக்கணத்தில் சீர் பிரித்துத் தளை பார்க்கும்போது கணக்கு ஒத்துவந்தால் ஒரு மகிழ்ச்சி உண்டாகுமே, கிட்டத்தட்ட அதே மகிழ்ச்சி.

நெருப்பு மிகவில்லை, நீர் குறைந்திருக்கிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. எங்கே குறைந்தது? மாடித் தொட்டி உயரத்தில் மாற்றமில்லை. கருவிக்குப் போகும் அதே குழாயிலிருந்து பிரியும் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தோம். வாளி ஒரு நிமிடம் பத்து நொடியில் நிறைந்தது. ஆக, வழியில் அடைப்பில்லை, கருவிக்குள்ளேதான். சிலிண்டரின் வால்வையும் கருவியின் வால்வையும் மூடி, பாட்டரிகளைக் கழற்றிய பிறகு நுழைவாயிலின் மறையைத் திருகி எடுத்தோம். உள்ளே கட்டைவிரல் நகமளவு கம்பிச் சல்லடை. அதில் மணல், பாசி, குழாய்ப் பிசிறு, எப்படி வந்ததென்றே தெரியாத ஒரு நத்தை ஓட்டுத் துணுக்கு. பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டியதில் ஓட்டம் மூன்றிலிருந்து மூன்றரை லிட்டராயிற்று. அதற்கு மேல் நகரவில்லை. மீதித் தடை சுருளுக்குள்.

இந்த இடத்தில்தான் தொண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். கீசரை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. ஒரு மாணவனின் தாய்மாமன் என்ற உறவில், வேறு வேலையாக ஊருக்கு வந்தவரைப் பையன் அழைத்து வந்தான். கருவியைச் சுற்றிப் பார்த்தார், காதை வைத்து உறுமலைக் கேட்டார்.

'இது நம்ம எஞ்சினு மாதிரிதான் தம்பி. எதுவா இருந்தாலும் கொதிச்சுச்சுன்னா தீயப் பாக்கக் கூடாது. மொதல்ல தண்ணி ஓடுதான்னு பாக்கணும்.'

நாங்கள் ஒரு காலைப் பொழுதும் ஓர் ஆய்வக வெப்பமானியும் செலவழித்து அடைந்த முடிவை அவர் நின்ற நிலையில் சொல்லிவிட்டார். கடல்நீரை இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் படகு எஞ்சின்களில் பாசி அடைத்தாலோ உள்வழிகளில் படிவு கட்டினாலோ இதே கொதிப்புத்தான். அதனால் அப்படிப்பட்ட எஞ்சினை அளவுக்கு மேல் சூடேறவே விடக்கூடாது, சூடு கூடினால் படிவு கூடும், படிவு கூடினால் சூடு கூடும் என்றார். நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் முறையை இவ்வளவு சுருக்கமாக எந்த மருத்துவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

'உப்பு அடச்சிருக்கும்' என்றுதான் அவரும் சொன்னார். எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். உப்பூர் என்ற பெயரை வைத்துக்கொண்டு வேறு எப்படிச் சொல்வது? ஆனால் விசாரித்தால், சுருளை அடைப்பது உப்பே அல்ல. சமையல் உப்பு அவ்வளவு எளிதில் தண்ணீரை விட்டுப் பிரிவதில்லை. நூறு மில்லி நீரில் 36 கிராம் வரை கரைந்து கிடக்கும். சூடேற்றினாலும் சற்றுக் கூடுதலாகக் கரையுமே தவிரக் குறையாது. கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் அளவில்தான் எல்லா உப்புகளும் சேர்ந்து இருக்கின்றன. கிணற்று நீரில் அதைவிடப் பன்மடங்கு குறைவு. அது குழாயில் படிய வழியில்லை. உப்பு இரும்பை அரிக்கும், திருகாணியைத் துருவாக்கும், தகரக் கூரையைத் தின்னும். அடைப்பது அதன் தொழில் அல்ல.

அடைப்பது சுண்ணாம்பு. நிலத்தடி நீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, சுண்ணாம்புச் சத்துள்ள பாறையையும் கிளிஞ்சலையும் கரைத்துத் தன்னோடு எடுத்து வருகிறது. கண்ணுக்குத் தெளிந்த நீராகத்தான் இருக்கும். சூடேறும்போது அந்த வாயு பறந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு பழையபடி கல்லாகிவிடுகிறது. சர்க்கரையும் உப்பும் சூட்டில் அதிகம் கரையும். இது நேர்மாறு, சூடு கூடக் கூடக் கரைய மறுக்கும். எனவே எந்த இடம் மிகச் சூடோ அந்த இடத்திலேயே போய் உட்காரும். கீசரில் மிகச் சூடான இடம் சுருளின் உட்சுவர். அங்கே மெல்லியதாக ஒரு படலம் விழுந்தாலும் கேடு இரட்டிப்பு. ஒன்று, வழி குறுகி நீரோட்டம் தளர்கிறது. மற்றொன்று, செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்தப் படலம் கடத்தாது. நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போக வழியின்றிச் செம்பிலேயே தங்கிவிட, சுவரை ஒட்டிய நீர் மட்டும் ஆங்காங்கே கொதித்துக் குமிழ் வெடிக்கிறது. நாங்கள் கேட்ட உறுமல் அந்தக் குமிழ்களுடையது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதுதான். கடல்நீரைப் பாத்திகளில் வற்றவிட்டால் முதலில் தரையில் படிவது சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், கடல்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் உப்புப் பூக்கும். உப்புக்கு முன்னால் சுண்ணாம்பு வந்துவிடுகிறது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றும் உமணர்களைப் பற்றி வகுப்பில் இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். அந்த வண்டிகளில் ஏறாமல் பாத்தியின் அடியிலேயே தங்கிவிட்ட சரக்கு ஒன்று உண்டு என்பது கீசர் கெட்ட பிறகுதான் கவனத்துக்கு வந்தது. சங்கும் சிப்பியும் பவளப் பாறையும் அதே பொருள்தான். எங்கள் பழைய வீட்டுச் சுவர்களைப் பூச, கிளிஞ்சலைச் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பும் அதன் வழி வந்ததே. வெற்றிலையில் அப்பத்தா தடவுவதும் அதன் பங்காளிதான். மன்னார் வளைகுடாவில் பவளமாக வளர்வது எங்கள் கீசருக்குள்ளும் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சுண்ணாம்பை எடுக்கப் புளிப்பு வேண்டும். செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றிவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் யோசனை வந்தது. பெரியவர் தடுத்துவிட்டார். அது சுண்ணாம்பைத் தின்று முடித்ததும் நிற்காது, குழாயையும் அதன் பற்றவைப்புகளையும் தின்னும். அவர் பரிந்துரைத்தது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம். உப்பு என்று பெயர்பெற்ற ஆனால் உப்பல்லாத அடைப்பை, உப்பு என்று பெயர்பெற்ற ஆனால் உப்பல்லாத மருந்தால் போக்குவது. தமிழாசிரியர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஐம்பது கிராம் வீதம் கரைத்தோம். எரிவாயு மூடியிருக்கிறதா, பாட்டரி வெளியே இருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொண்டோம். கருவியின் இரண்டு குழாய் இணைப்புகளையும் கழற்றி, ஒன்றில் ரப்பர் டியூபையும் புனலையும் பொருத்தி உயரப் பிடித்து மெல்ல ஊற்றினோம். மற்றொரு டியூப் வாளிக்குள். சிறிது நேரத்தில் சுருளுக்குள் 'இஸ்ஸ்' என்று சோடாப் புட்டி திறந்தது போன்ற ஒலி கேட்டது. கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த கரியமில வாயு விடுதலையாகும் ஓசை அது. நுரை கலந்த கலங்கல் நீர், இடையிடையே முட்டையோட்டுச் சில்லு போன்ற வெள்ளைத் துணுக்குகள். அரை மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, மறுபடி புதுக் கரைசல். மூன்றாம் முறை நுரை வரவில்லை. நல்ல தண்ணீரை நான்கு வாளி ஓடவிட்டுக் கழுவினோம். கழற்றிய இடங்களில் புது வாஷர் போட்டு மாட்டியதும், எரிவாயு இணைப்பு முழுவதிலும் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துவிட்டே நெருப்பு மூட்டினோம்.

வாளி இரண்டு நிமிடத்தில் நிறைந்தது. நிமிடத்துக்கு 5 லிட்டர். 25 பாகையோடு 30 சேர்ந்து 55 வர வேண்டும், வெப்பமானி 54 என்றது. எரிவாயுத் திருகைக் கீழே இறக்கி 42இல் நிறுத்தி, அந்த இடத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டோம். உறுமல் இல்லை. 'டக்' இல்லை.

கருவியை ஏன் வெளியே மாட்டினோம் என்பதற்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தோம். கொதிநீர் கண்ணுக்குத் தெரியும், கைக்குச் சுடும், ஆவி பறக்கும். எரிவாயுக் கீசரின் மற்றொரு ஆபத்துக்கு உருவமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய சிறு குளியலறைக்குள் எரியும் நெருப்பு அங்குள்ள பிராணவாயுவைத் தின்று தீர்க்கும், போதாமல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடை உமிழும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு அந்த நஞ்சைப் பற்றிக்கொள்ளும். தலை லேசாகச் சுற்றும், குளித்த களைப்பு என்று தோன்றும், கதவைத் திறக்க எழுவதற்குள் கால் விழுந்துவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் வட இந்திய நகரங்களிலிருந்தும் பெங்களூரு, மும்பை போன்ற இடங்களிலிருந்தும் இப்படிப்பட்ட மரணச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. இந்திய மருத்துவ இதழ்களில் 'கேஸ் கீசர் நோய்க்குறி' என்ற பெயரே உண்டாகிவிட்டது. பெரும்பாலும் உள்ளே தாழிட்ட கதவு, சாத்திய சன்னல். எரிவாயு கசிந்தால் மணம் காட்டிக்கொடுக்க அதில் நாற்றப்பொருள் சேர்க்கிறார்கள், கசிவைச் சொல்ல 1906 என்ற எண்ணும் இருக்கிறது. இந்த நஞ்சுக்கு அப்படிப்பட்ட எச்சரிக்கை எதுவும் கிடையாது. சுருளின் செதில்களில் கரி அடைந்து சுவாலை மஞ்சளாகிறதா என்று பார்ப்பது நம்மால் ஆவதில் ஒன்று. எங்களுடையது நீலமாகவே எரிகிறது. ஆனாலும் அது வெளியில் எரியட்டும். காற்று அலைக்கழித்து ஓரிரு முறை அணைந்தால் அணையட்டும், மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம்.

உப்பூருக்குக் கொதிகலன் என்ற சொல் புதிதல்ல. 800 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள் கொண்ட அனல்மின் நிலையம் இங்கே வருவதாக இருந்தது. வேலையும் தொடங்கியது. மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள், வழக்குக்குப் போனார்கள், பாதியில் நின்றுபோனது. அந்த நாள்களில் தேநீர்க் கடையில் உலகத்தரக் கொதிகலன், வேலைவாய்ப்பு என்றெல்லாம் பேச்சு நடக்கும். 2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தபோது அந்தப் பேச்சின் சுருதி சற்று இறங்கியது நினைவிருக்கிறது. மாபெரும் நிலையங்களின் தொழில்நுட்பம் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. எங்களுக்கு வாய்த்தது சுவரில் தொங்கும் ஒரு சிறு பெட்டிதான். அதில்கூட, எச்சரிக்கை மணியின் நாக்கை அறுத்துவிட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்ல எத்தனை எளிதில் ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார் என்பதை மட்டும் பார்த்தோம். அந்த இளைஞர் முறுக்கிவிட்டதாகச் சொன்ன மற்ற வீடுகளைப் பற்றிய கவலை எங்களை விட்டுப் போகவில்லை. எங்கள் தெருவில் தெரிந்த மூன்று வீடுகளுக்குப் போய்ச் சொன்னோம். ஒரு வீட்டில் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு ஒயர்கள் கறுப்பு டேப்புக்குள் முறுக்கிக் கிடந்தன. அந்தப் பொத்தான் பெரிய விலையில்லை. இராமநாதபுரத்திலிருந்து வாங்கிவந்து, பெரியவரின் மருமகனைக் கொண்டே மாற்றினார்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அப்பத்தா போட்டுக் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, மூன்று மாதத்துக்கொருமுறை கழுவுங்கள் என்று சொல்லிப் பேருந்து ஏறினார். அதன்படி செய்து வருகிறோம். சித்திரையில் எடுத்த கரைசலில் சில்லுகள் குறைவு, ஆடியில் அதைவிடக் குறைவு. முதல் முறை வந்த துணுக்குகளைக் காயவைத்து ஒரு சிறு புட்டியில் வேதியியல் நண்பரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் தம் மாணவர்களுக்குக் காட்டுகிறாராம். ஆர்.எஸ். மங்கலம் மளிகைக் கடைக்காரர் மட்டும், கால் கிலோ எலுமிச்சை உப்புக் கேட்கும் ஒவ்வொரு தடவையும், 'என்ன சார், வீட்ல சோடாக் கம்பெனி ஆரம்பிச்சுட்டிங்களா?' என்று கேட்கிறார்.